முறிக்காத பத்தியம்

"குணமாகணும்னு உனக்கு எவ்வளவு ஆசை இருக்கு? பத்துக்கு எத்தனை போடுவே?" என்று டாக்டர் கேட்டார். நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். சாத்தியிருந்தது. அம்மா வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தாள். அதனால்தான் உண்மையைச் சொன்னேன்.

"மூணு."

2004 ஐப்பசி. எனக்கு இருபது வயது. அதற்குள் நான்கு மருத்துவர்கள், ஒரு சித்த வைத்தியர், வேப்பிலையால் மந்திரித்துவிட்ட ஒரு பெரியவர் என்று எல்லோரிடமும் என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். காசநோய்க்குப் பார்த்தார்கள், தைராய்டுக்குப் பார்த்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். ஒரு மருத்துவர், "இது திமிர். ரெண்டு அடி போட்டா சரியாயிரும்" என்று அப்பாவிடம் சொன்னார். எல்லார் முன்னாலும் நான் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: குணமாகணும். அது பொய். முழுப் பொய்யா என்றால் அதுவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் இருந்தது. இந்த டாக்டர் எண்ணைக் கேட்டதும் வார்த்தை கிடைத்துவிட்டது.

மூன்று என்றதும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கும் மனநல மருத்துவர் அவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் பூஜ்யம் போடலை?" என்றார்.

"ஏன் பத்து போடலை?" என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். மூன்று வருடமாகப் பட்டினிக்கு வக்காலத்து வாங்கிப் பேசியே பழகியிருந்தேன். அம்மா சாப்பிடச் சொல்லச் சொல்ல, சாப்பிடாமலிருக்கும் காரணங்கள் என் வாயில் வளர்ந்துகொண்டே போயின. ஆனால் பூஜ்யம் ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சொன்னேன்: "மார்கழி வருது டாக்டர். குனிஞ்சு கோலம் போட்டா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. எனக்குக் கோலம் போடணும்."

அவர் அதை மருந்துச் சீட்டின் மேல் மூலையில் எழுதிக்கொண்டார்.

எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2001இல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உடம்பு வற்றியது. அந்த நேரத்தில் அத்தை மகள் கல்யாணம் வந்தது. பந்திக்கு முன்னால் நின்ற பெரியம்மாக்கள் என் கன்னத்தைத் தொட்டு, "காமாலை வந்தாலும் வந்துச்சு, பிள்ளை என்ன லட்சணமாயிட்டா" என்றார்கள். அதுவரை என் உடம்பைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. பத்தியம் முறிக்கிற நாளன்று ஆச்சி உளுந்தஞ்சோறு வடித்து, எள்ளுத் துவையல் அரைத்து வைத்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் உடம்பு தேறுவதற்கு அதுதான் கைகண்ட சாப்பாடு. நான் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னும் ஒரு வாரம் இருக்கேன் ஆச்சி" என்றேன்.

அந்த ஒரு வாரம் முடிய எட்டு வருடம் ஆனது.

என் எடை எவ்வளவு குறைந்தது, என்ன தின்றேன், எதைத் தின்னாமல் விட்டேன், வீட்டாரை எப்படி ஏமாற்றினேன் என்று எதையும் இங்கே எழுதமாட்டேன். நோயில் இருந்த நாட்களில் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எண்களைத் தெரிந்துகொண்டு எழுதியவளைவிடக் குறைய வேண்டும் என்பதற்காக. இதைப் படிக்கும் பெண்களில் அன்றைய நான் ஒருத்தியாவது இருப்பாள். அவள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

கல்லூரிக்குச் சென்னை போனேன். விடுதி. வகுப்பில் எல்லோரும் பேசிய ஆங்கிலம் எனக்கு வராது. ஊரில் அப்பாவின் பாத்திரக்கடை கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது; லீவுக்குப் போனால் நடுராத்திரியில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் சண்டை போடுவது சுவர் வழியாகக் கேட்கும். இவற்றில் எதையும் சரிசெய்ய என்னால் முடியாது. ஆனால் பசித்த வயிற்றில் இவை எதுவும் உறைக்காது. பசி ஒரு கனத்த போர்வை. போர்த்திக்கொண்டால் வெளிச்சத்தம் கேட்காது. விடுதியில் எல்லோரையும்விட நான் நன்றாகச் செய்த ஒரே காரியம் சாப்பிடாமலிருப்பது. அதைத்தான் விடச் சொன்னார்கள்.

அதற்குச் சாமி பெயரையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை விரதம், கார்த்திகை விரதம், கந்த சஷ்டிக்கு ஆறு நாள். பக்கத்து வீட்டார் என்னைக் காட்டித் தங்கள் பெண்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஆச்சிக்கு மட்டும் தெரிந்திருந்தது. "ஏட்டி, முருகன் பேரைச் சொல்லி வயித்தைக் காயப் போடாத. அவன் உன்கிட்ட இதைக் கேக்கலை" என்பாள். எனக்குக் காரைக்கால் அம்மையார் துணை இருந்தார். அழகும் இளமையும் வேண்டாம் என்று சிவனிடம் பேயுருவம் கேட்டு வாங்கியவர். எலும்பு தெரிய அமர்ந்திருக்கும் அவருடைய செப்புச் சிலைப் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்பது தெளிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் சதையை உதறிவிட்டு அற்புதத் திருவந்தாதி பாடினார், 101 பாட்டு. உடம்பை உதறிய அந்த வருடங்களில் எனக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் ஒரு எண்.

அந்த எண்ணை அச்சடித்துத் தரும் எடை மெஷின் ரயில் நிலையத்தில் இருந்தது. வண்ண விளக்குகள் சுற்றும். காசு போட்டால் கெட்டி அட்டையில் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் அன்றைய பலன். ஊருக்கு வரும்போதும் போகும்போதும் ஏறி நின்று சீட்டுகளைச் சேர்த்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். டாக்டரிடம் அதைச் சொன்னபோது, கொண்டுவந்து தரச் சொன்னார். அடுத்த வாரம் இரண்டு சீட்டு கொடுத்தேன். "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான்" என்றேன். மீதி என் பையில்தான் இருந்தது. நம்பிப் போன ஒரே மருத்துவரிடமும் பாதியைக் கொடுத்துவிட்டு, பாதியை மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். குணமாக வந்தவளும் நான்தான், குணமாகிவிடக் கூடாது என்று பையை இறுக்கிப் பிடித்தவளும் நான்தான்.

இந்த நோய்க்கு அனரெக்ஸியா நெர்வோசா என்று பெயர். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் வைத்தது. அனரெக்ஸியா என்றால் பசியின்மை. தவறான பெயர், காலையில் கண் விழித்த நொடியிலிருந்து எனக்குப் பசித்தது. அதே 1873இல் பாரிஸில் சார்ல்ஸ் லசேக் என்ற மருத்துவரும் இந்த நோயைப் பற்றி எழுதினார். பெயரைவிட அவர் கவனித்தது பெரிது. இந்தப் பெண்கள் குணமாக ஏங்குவதில்லை, தாங்கள் இருக்கும் நிலையில் ஒரு நிறைவோடும் இருக்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். காய்ச்சல் வந்தவர் காய்ச்சலை வெறுப்பார். இந்த நோயிலோ நோயாளி நோயின் பக்கம் நிற்கிறாள். பிடிவாதம் என்று எங்கள் வீட்டில் சொன்னதை, நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் நோயின் குணமாகப் பார்த்திருக்கிறார். இதை முப்பது வயதில் படித்து அழுதேன்.

இரண்டாம் தடவை போனபோது டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். "இந்த நோய்க்கு ஒரு கடிதம் எழுதிட்டு வா. நெருங்கின சிநேகிதிக்கு எழுதற மாதிரி எழுது. அது உனக்கு என்னென்ன செஞ்சிருக்கோ, எல்லாத்துக்கும் நன்றி சொல்லு." நான் மூன்று பக்கம் எழுதினேன். கடன்காரர் வாசலில் நின்ற ராத்திரி நீதான் என்னோடு இருந்தாய், எல்லோரும் என்னை மறந்தபோதும் நீ என்னை எண்ணிக்கொண்டே இருந்தாய், நீ போனால் நான் யாருமில்லை என்றெல்லாம் எழுதினேன். எழுத எழுதக் கண்ணீர் வந்தது. நோயைப் பிரிவதற்குத் துக்கம் உண்டு என்று அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் மட்டும்தான் அப்படியொரு கேடுகெட்டவள் என்று நினைத்திருந்தேன். பல வருடம் கழித்துத் தெரிந்தது, லண்டனில் ஜேனட் டிரஷர் என்ற மனநல மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதே மாதிரி கடிதங்களை நோயாளிகளிடம் எழுதி வாங்கி, 1999இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள் என்று. நோயைச் சிநேகிதியாக நினைத்து ஒரு கடிதம், எதிரியாக நினைத்து ஒரு கடிதம். தன்னைக் காவல் காக்கிறது என்று அங்கேயும் பெண்கள் எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் தடவைக்கு எதிரிக் கடிதம். அதில் நான்கே வரி வந்தது. நான்காவது வரியை டாக்டரைத் தவிர யாருக்கும் இத்தனை வருடம் காட்டியதில்லை.

2003 ஆடியில் ஆச்சி இறந்துபோனாள். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தேன். நடுவீட்டில் ஆச்சியைக் கிடத்தியிருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டு வருவார்கள், வந்தவர்கள் வந்த இடத்தில் சாப்பிடுவார்கள், யார் தின்றார் யார் தின்னவில்லை என்று அன்றைக்கு யாரும் பார்க்கமாட்டார்கள். அதை நினைத்ததும் என் நெஞ்சு லேசானது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது: இனிமேல் "ரெண்டு வாய் தின்னுட்டுப் போ ஏட்டி" என்று கேட்க ஆள் இல்லை. என்னை மடியில் போட்டு வளர்த்தவள் தலைமாட்டில் விளக்கு எரிய, எனக்கு நிம்மதி வந்தது. அழுகை வரவில்லை.

"ஆச்சி செத்த அன்னிக்கு என்னை அழவிடாம பண்ணின" என்பதுதான் அந்த நான்காவது வரி.

டாக்டர் இரண்டு கடிதங்களையும் படித்தார். மூன்று பக்கம் பெரிதா, நான்கு வரி பெரிதா என்று அளக்கவில்லை. "ரெண்டும் உன்னுதுதான். ரெண்டையும் பத்திரமா வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "இப்ப பத்துக்கு எத்தனை?" நான்கு என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருக்குமே. ஆனால் மூன்றுதான்.

"அந்த மூணு போதும். மீதி ஏழு வர்றதுக்குக் காத்திருக்க வேண்டாம். அது சாப்பிட்டாத்தான் வரும்" என்றார்.

என் வாழ்க்கையில் கேட்ட மிக முக்கியமான வார்த்தை இது. வீட்டில் எல்லோரும் சொன்னது, "நீ மனசு வச்சா ஒரு நாள்ல சரியாயிரும்" என்பதுதான். நானும் அதை நம்பினேன். மனசு முதலில் வரும், சோறு பிறகு உள்ளே போகும் என்று நம்பி, அந்த மனசு வருவதற்காகச் சாப்பிடாமல் காத்திருந்தேன். ஒவ்வொரு வருடப் பிறப்பிலும் காத்திருந்தேன். வரவில்லை. வராததால் எனக்கு உண்மையில் குணமாக ஆசையே இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். வெறும் வயிற்றில் அந்த மனசு முளைக்காது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

அவர் ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். 1944 நவம்பரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி தொடங்கியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடம்பிலும் மனதிலும் குறையில்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கத்தில் பாதி அளவே சாப்பாடு. எடையில் கால் பங்கு போனது. போர் முடியும்போது பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறியத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் அதில் தெரிந்தது வேறொன்றும் கூட. அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்காக நீட்டிச் சாப்பிட்டார்கள். கோடையிலும் குளிர்ந்தது. சிரிப்பு நின்றது, சிநேகிதம் விட்டுப்போனது, படிப்பிலும் பெண்களிலும் நாட்டம் போனது.

என் கை நடுங்கியது. விடுதிப் பெட்டியில் என்னிடம் மூன்று நோட்டுப் புத்தகம் இருந்தது. மங்கையர் மலர், அவள் விகடன் எல்லாவற்றிலிருந்தும் வெட்டி ஒட்டிய சமையல் குறிப்புகள். சாப்பிடாத பெண் எதற்கு அவியல் செய்முறையை நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறாள் என்று எனக்கே புரிந்ததில்லை. சித்திரை வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். இது என் குணம், என் கட்டுப்பாடு, என் தனித்தன்மை என்று நான் நெஞ்சில் வைத்துக் காத்த பலதும் 36 ஆண்களுக்கு ஆறு மாதத்தில் வந்திருக்கிறது. அவை என்னுடையவை அல்ல, பசியுடையவை. குணமாக வேண்டாம் என்று எனக்குள் பேசிய குரலில் என் குரல் எவ்வளவு, பசியின் குரல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கேட்க வேண்டும்.

டாக்டர் அதை எனக்குப் பழகிய மொழியிலேயே சொன்னார். "நீ பத்தியம் காக்கறதுல கெட்டிக்காரி. இதுவும் ஒரு பத்தியம். காலை எட்டு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் நாலு, ராத்திரி எட்டு. பசிச்சாலும் பசிக்கலைன்னாலும், மனசு இருந்தாலும் இல்லாட்டியும். பன்னிரண்டு வாரம்." மருந்துச் சீட்டில் நான்கு வேளைச் சாப்பாட்டை மாத்திரை எழுதுவதுபோல எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அம்மா அன்றைக்கே நெய்யும் முட்டையும் வாங்கினாள். டாக்டர் தடுத்தார். நீண்ட நாள் காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சட்டென்று சரிந்து இதயமே நின்றுபோகலாம். போரில் பட்டினிகிடந்து மீண்டவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தபோது மருத்துவர்கள் கண்ட ஆபத்து அது. அதனால் முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். வீட்டில் யாரும் இதைத் தாமாகச் செய்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த வாரங்களை அழகாகச் சொல்ல என்னால் முடியாது. கால் வீங்கியது. நான்கு வாய்க்கே வயிறு கல்லாகக் கனத்தது. ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே ஒருத்தி துரோகி, துரோகி என்று கத்தினாள். அம்மா எதிரில் உட்கார்ந்து டி.வி. சீரியல் கதையை மட்டும் பேசினாள். டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் அம்மா அவள் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும். ஒருநாள் நான் தட்டைச் சுவரில் எறிந்தேன். அவள் துடைத்துவிட்டு வேறு தட்டில் போட்டுவந்து, "அந்த மாமியார்க்காரி அப்புறம் என்ன சொன்னா தெரியுமா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்த மார்கழியில் கோலம் போட முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அம்மா போடுவதைப் பார்த்தேன். தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும், ஒரு காலையில் தட்டில் வைத்த இட்லியை முடித்த பிறகுதான் நினைவு வந்தது: சாப்பிட்ட நேரம் முழுக்க நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன யோசித்தேன் என்பது மறந்துவிட்டது. மூன்றரை வருடத்தில் முதல் முறையாகச் சாப்பாட்டைத் தவிர வேறொன்று என் தலைக்குள் வந்திருந்தது. அடுத்த தடவை டாக்டர் கேட்டதும் "அஞ்சு" என்றேன். அது பொய்யில்லை.

பிறகு பயங்கரமான பசி வந்தது. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வரும் யானைத்தீ நோயைப் பள்ளியில் படித்திருக்கிறோம். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அப்படிப் பசித்தது. நடுராத்திரி எழுந்து பழைய சோற்றுப் பானையின் முன் நின்று அழுதேன். நான் பயந்தது நடந்தேவிட்டது, இனி இது நிற்காது என்று நினைத்தேன். பாதியில் விட்டுவிடுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மினசோட்டா இளைஞர்களுக்கும் பழையபடி சாப்பாடு கொடுத்த பிறகு மாதக்கணக்கில் இந்தப் பசி இருந்திருக்கிறது. உடம்பு கடனை வசூலிக்கிறது, அடைந்ததும் அதுவே நிறுத்தும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நிற்க ஏழெட்டு மாதம் ஆனது. நின்றது.

அதோடு முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். 2006இல் ஒரு வளைகாப்பில், "இப்பத்தான் கன்னம் வச்சு ஆளாயிருக்கா" என்று ஒரு சித்தி அன்போடு சொன்னார். வாழ்த்துதான். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மறுநாளிலிருந்து மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மறுபடி ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் எண் ஏழிலிருந்து இரண்டுக்கு விழும். விழும்போதெல்லாம், பார், உனக்கு உண்மையில் ஆசை இல்லை என்ற பழைய குரல் கேட்கும். ஆசை இல்லையென்று ஒப்புக்கொண்டே ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். அதைத்தான் கற்றிருந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸில் மிச்சமிருந்த சீட்டுகளை 2009இல்தான் டாக்டரிடம் கொடுத்தேன். ஐந்து வருடம் மறைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும்மா. மூணு மார்க்குக்கு ரெண்டு சீட்டு குடுத்ததே அதிகம்" என்றார்.

என் கோபம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியும் நான் அதைப் பெருமையாக மறைத்தேன். பார்த்த மருத்துவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பருவ வயதிலும் அதை ஒட்டிய சில ஆண்டுகளிலும்தான் எலும்பு தன் பலத்தைச் சேர்த்துவைக்கிறது. அதைச் சேர்க்க வேண்டிய வருடங்களில் நான் கரைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயதில் எலும்பு அடர்த்திச் சோதனை செய்தபோது வந்த அறிக்கை ஒரு பாட்டியுடையதுபோல இருந்தது. பாதியளவு திரும்பியது, பாதி திரும்பவில்லை. பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொடுத்து இடுப்பெலும்புக்கு என்று சொல்லும் ஊரில் பிறந்தவள் நான். நாற்பத்தொரு வயதில் தண்ணீர்க் குடம் தூக்கப் பயப்படுகிறேன். மனசு முழுசாக வரட்டும் என்று காத்திருந்ததற்கு நான் கொடுத்த விலை அது.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு வார்த்தை. "உனக்குக் குணமாக ஆசையே இல்லை" என்று அவளிடம் சொல்லாதீர்கள். அவள் ஏற்கனவே அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மெலிந்தாலும் பெருத்தாலும் அவள் உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள், பாராட்டாகக்கூட. ஒல்லியாகத் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அளவில்லாமல் தின்றுவிட்டு அதை வெளியேற்றும் புலிமியாவில் எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆண் பிள்ளைகளுக்கும் இவை வரும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நின்றுபோன மாதவிலக்கு இவற்றில் ஒன்று இருந்தால் அவள் சம்மதத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள். மருத்துவர் அறையில் அவளைத் தனியாகப் பேச விடுங்கள், கதவு சாத்தியிருக்கட்டும்.

இதைப் படிக்கும் தங்கச்சி, உன்னிடமும் ஒன்று. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். குணமாகணும்னு ஆசை இருக்கா என்று அவர்கள் கேட்டால், தெரியவில்லை என்று சொல். பாதி இருக்கிறது என்று சொல். மூன்று என்று சொல். இன்று ராத்திரி எட்டு மணிக்கு நான் சாப்பிட உட்காருவேன். நீயும் உட்கார்.